மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரைக் கணக்குப் போட்டவர்

நெய்வேலிக்கு வந்திருக்கீங்களா? வந்திருந்தால் இரண்டு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். ஒன்று, வட்டம் வட்டமாக எண் போட்டுப் பிரித்து, ரோட்டோரம் முழுக்க மரம் வைத்த டவுன்ஷிப். இன்னொன்று, அந்த டவுன்ஷிப்புக்கே காரணமான சுரங்கம். மேலே நின்று எட்டிப் பார்த்தால், படிக்கட்டு வெட்டின மாதிரி மண் இறங்கிக்கொண்டே போகும். நடுவில் சக்கரத்தில் வாளிகளைக் கோத்த ராட்சத இயந்திரம் ஒன்று பொம்மை சைஸில் தெரியும். எல்லாத்துக்கும் கீழே கறுப்பாக ஒரு படுகை. அதுதான் பழுப்பு நிலக்கரி.

பார்க்கிற எல்லோரும் மேலிருக்கும் மண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை டன் மண், எவ்வளவு பெரிய மெஷின். ஆனால் அந்தச் சுரங்கத்தை வடிவமைத்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் நிலக்கரிக்குக் கீழே இருந்தது. அது தண்ணீர்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், பேனா எடுத்துக்கோங்க. நிலக்கரிப் படுகைக்கு அடியில் மணலும் தண்ணீரும் நிறைந்த பெரிய நீர்த்தாங்கி இருக்கிறது. அந்தத் தண்ணீர் சும்மா தேங்கி நிற்கவில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு நிற்கிறது. 7 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 70 டன். மேலே 70 மீட்டர் மண் இருக்கும்வரை கவலை இல்லை. ஒரு கன மீட்டர் மண் 2 டன் என்று எடுத்தால், சதுர மீட்டருக்கு 140 டன் அழுத்திக்கொண்டிருக்கும். ஆனால் நிலக்கரியை எடுக்க அந்த மண்ணைத்தானே நீங்கள் அள்ளப் போகிறீர்கள்? மண் முழுவதும் போன பிறகு மிஞ்சுவது 15 மீட்டர் நிலக்கரி. அதன் எடை சதுர மீட்டருக்கு 17 டன் சொச்சம். கீழே இருந்து 70 டன் தள்ளுகிறது, மேலே இருந்து 17 டன் அமுக்குகிறது. என்ன ஆகும்? சுரங்கத்தின் தரை அப்படியே மேலே எழும்பி, வெடித்து, தண்ணீர் உள்ளே பாயும். ஆட்களும் மெஷினும் கீழேதான் நிற்பார்கள்.

அதனால்தான் நெய்வேலியில் மண்ணை வெட்டுவதற்கு முன்பே தண்ணீரை இறைத்தாக வேண்டும். எத்தனை கிணறு, எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில், எத்தனை மாதம் முன்னால்? கூடுதலாக இறைத்தால் கரண்டும் வீண், சுற்றுவட்டார ஊர்களின் கிணறும் பாதிக்கும். குறைவாக இறைத்தால் தரை தூக்கும். தண்ணீர் ஓடுவது ஒரு இயற்பியல். மண் அமுங்குவதும் எழும்புவதும் இன்னொரு இயற்பியல். ரெண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைக்கு நம் லேபில் மல்டிபிசிக்ஸ் சிமுலேஷன் என்று சாஃப்ட்வேரைத் திறக்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

இந்த இரண்டையும் முதன்முதலாக ஒரு கணக்குக்குள் கட்டிப்போட்ட மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் கார்ல் டெர்சாகி. சாயில் மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதின சிவில் ஆட்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். மெக்கானிக்கல் நண்பர்களே, நீங்கள் நழுவ வேண்டாம். அவர் படித்தது உங்கள் டிபார்ட்மென்ட்தான்.

கடைசி பெஞ்ச் ஆசாமி

டெர்சாகி பிறந்தது 1883 அக்டோபர் 2, பிராக் நகரில். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஊர். அப்பா ராணுவ அதிகாரி. பையனையும் ராணுவப் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். பையனுக்குப் பிடித்தது கவாத்து இல்லை, கணிதமும் வானியலும் ஊர் சுற்றுவதும். கடைசியில் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் வந்து விழுந்தார்.

அங்கே அவர் முதல் பெஞ்ச் மாணவர் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். குடி, கத்திச் சண்டை, குறும்பு என்று ஒரு கட்டத்தில் கல்லூரியை விட்டே அனுப்பிவிடும் நிலைமை வந்தது. விட்டன்பாவர் என்ற மெக்கானிக்ஸ் பேராசிரியர்தான் அவருக்காகப் பேசிக் காப்பாற்றினார். வகுப்பில் இருக்கும் ஒரு தறுதலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த வாத்தியார் எல்லாக் கல்லூரியிலும் ஒருவராவது இருப்பார். உங்களுக்கும் ஒரு முகம் ஞாபகம் வரும்.

1904இல் டிகிரி வாங்கினார். பிறகு ஒரு வருஷம் கட்டாய ராணுவ சேவை. அந்த வருஷத்தில் அவர் செய்த வேலை விசித்திரமானது. ஆர்ச்சிபால்ட் கெய்க்கி எழுதிய ஆங்கில நிலவியல் கையேடு ஒன்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இயந்திரம் படித்தவனுக்கு மலையும் பாறையும் எதற்கு? அதற்குப் பதில் அவருக்கே அப்போது தெரிந்திருக்காது. சேவை முடிந்ததும் மறுபடி கல்லூரிக்குப் போய் இன்னும் ஒரு வருஷம் நிலவியல் படித்தார்.

வேலை கிடைத்தது வியன்னாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில். நீர்மின் திட்டங்கள், குரோவேஷியாவின் சுண்ணாம்புப் பாறை மலைகள், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று சைட் சைட்டாக அலைந்தார். போன இடமெல்லாம் ஒரே கதை. பாலத்துக்கு இரும்பு எவ்வளவு வேண்டும் என்றால் கணக்கு இருக்கிறது. கான்கிரீட்டுக்குக் கணக்கு இருக்கிறது. அது எல்லாம் நிற்கிற மண்ணுக்கு மட்டும் கணக்கு இல்லை. மேஸ்திரியின் அனுபவம், பழைய சூத்திரம், மிச்சத்துக்குச் சாமி. அணை கட்டிவிட்டு, அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டு போன பிறகு தலையில் கை வைப்பார்கள். கட்டடம் கட்டிப் பத்து வருஷம் கழித்து ஒரு பக்கம் இறங்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

1912இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே மேற்குப் பகுதியில் வரிசையாகப் பெரிய அணைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். டெர்சாகியின் திட்டம் எளிமையானது. எல்லா அணைகளையும் பார்ப்பது, ஒவ்வொன்றின் அடியிலும் என்ன வகை மண், என்ன பாறை என்று குறிப்பது, எது நின்றது, எது விழுந்தது என்று பட்டியல் போடுவது. இன்றைய பாஷையில் சொன்னால், டேட்டா நிறையச் சேர்த்தால் விதி தானாக வெளியே வந்துவிடும் என்று நம்பினார்.

வரவில்லை. ஒரே பெயர் கொண்ட களிமண் ஒரு இடத்தில் பாறை மாதிரி நின்றது, இன்னொரு இடத்தில் குழைந்து ஓடியது. பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, மண்ணை அளக்க வேண்டும் என்று புரிந்தது. எதை அளப்பது என்று மட்டும் புரியவில்லை. 1913 டிசம்பரில் மனம் ஒடிந்து வீடு திரும்பினார். முப்பது வயது, கையில் டாக்டர் பட்டம், இரண்டு வருஷ உழைப்பு, முடிவு பூஜ்யம். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து இதே மாதிரி உணர்ந்தவர்கள் கை தூக்கலாம்.

குப்பைமேட்டு லேப்

அடுத்த வருஷம் முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் இருந்தார். 1916இல் பழைய பேராசிரியர் பிலிப் ஃபோர்ச்ஹைமர், கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த பொறியியல் பள்ளிக்கு அவரை ஆசிரியராக வரவழைத்தார். இன்றைய இஸ்தான்புல்தான் அது. 1918இல் போரில் ஆஸ்திரியா தோற்றது, அந்த வேலையும் போனது. அதே ஊரில் அமெரிக்கர்கள் நடத்திய ராபர்ட் கல்லூரி என்ற சின்னக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. தோற்ற நாட்டுக்காரர், குறைந்த சம்பளம், லேப் கிடையாது, ஃபண்ட் கிடையாது.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1919இல் ஒரு நாள் உட்கார்ந்து, மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள என்னென்ன சோதனை செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினார். கருவி வேண்டுமே? கல்லூரியின் குப்பைமேட்டைக் கிளறினார். சுருட்டுப் பெட்டிகள், சமையலறைச் சாமான்கள், பழைய இரும்புத் துண்டுகள். இதையெல்லாம் வைத்து மண்ணை அமுக்கிப் பார்க்கும் கருவியைத் தானே கட்டினார்.

சோதனையைக் கேட்டால் சப்பென்று இருக்கும். தண்ணீர் ஊறின களிமண்ணை வில்லையாக வெட்டி, ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலேயும் கீழேயும் தண்ணீர் வெளியேற வழி விட்டு, மேலே எடை வைக்க வேண்டும். பிறகு வில்லை எவ்வளவு இறங்குகிறது என்று மணிக்கணக்கில், நாள்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். சில வருஷம் இதைத்தான் செய்தார்.

பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. எடை வைத்த உடனே களிமண் அமுங்குவதில்லை. மெதுவாக அமுங்குகிறது. ஏன் மெதுவாக?

நீங்களே ஒரு பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, அது சரியாகப் பொருந்துகிற டப்பாவில் வைத்து, மேலே இறுக்கமான மூடியால் அமுக்குவதாகக் கற்பனை செய்யுங்கள். மூடியில் ஊசியளவு ஓட்டை ஒன்றுதான். அமுக்கிய நொடியில் பஞ்சு எந்தச் சுமையையும் தாங்காது. முழுச் சுமையும் தண்ணீர் தலையில். தண்ணீர் ஓட்டை வழியே சொட்டுச் சொட்டாக வெளியேற வெளியேற, சுமை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரிடமிருந்து பஞ்சுக்குக் கை மாறும். பஞ்சு அமுங்கும். தண்ணீரின் அழுத்தம் அடங்கியதும் அமுங்குவது நிற்கும்.

களிமண்ணும் அதேதான். மண் துகள்கள் பஞ்சு, துகள்களுக்கு நடுவே தண்ணீர், களிமண்ணின் நுண்ணிய இடைவெளிதான் ஊசி ஓட்டை. இதிலிருந்து டெர்சாகி எடுத்த விதி ஒரு வரியில் அடங்கும்: மேலிருந்து வரும் மொத்தச் சுமையில் தண்ணீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே மண் துகள்கள் தாங்கும் சுமை, மண்ணின் பலமும் அமுங்கலும் அந்த மிச்சத்தைப் பொறுத்ததே. இதைத்தான் நாம் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் என்று படிக்கிறோம். முதலில் போட்டோமே நெய்வேலிக் கணக்கு, அதை மறுபடி பாருங்கள். 17இலிருந்து 70 கழித்தால் மைனஸ். துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க மண்ணில் பலம் இல்லை என்று அர்த்தம். அந்த மைனஸ்தான் தரை தூக்குவது.

எவ்வளவு இறங்கும் என்பது பாதிக் கேள்வி. எப்போது இறங்கி முடியும் என்பது மீதிப் பாதி. தண்ணீர் அழுத்தம் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் எப்படி மாறும் என்று சமன்பாடு எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால், அது ஏற்கெனவே தெரிந்த முகம். ஒரு இரும்புக் கம்பியில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஃபூரியே எழுதிய சமன்பாட்டின் அதே வடிவம். சூடு இருந்த இடத்தில் தண்ணீர் அழுத்தம், அவ்வளவே வித்தியாசம். 1822இலேயே புத்தகமாக வந்துவிட்ட தீர்வுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தது. 1923இல் இதை வெளியிட்டார். 1925இல் மண் இயக்கவியலைப் பற்றிய அவருடைய ஜெர்மன் நூல் வந்தது. ஒரு தனித் துறை பிறந்தது.

இதன் பலம் என்ன என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். சமன்பாட்டின்படி, மண் படுகையின் தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தடிமனின் வர்க்கத்துக்குத் தக்கபடி நேரம். லேபில் 2 சென்டிமீட்டர் வில்லை 1 மணி நேரத்தில் இறங்கி முடிக்கிறது என்று வையுங்கள். சைட்டில் அதே களிமண் 10 மீட்டர் தடிமனில் இருக்கிறது, தண்ணீர் வெளியேற மேலும் கீழும் அதேபோல வழி இருக்கிறது. 500 மடங்கு தடிமன். 500ஐ 500ஆல் பெருக்கினால் 2,50,000 மணி நேரம். வருஷத்தில் சொன்னால் 28க்கு மேல். கட்டடம் கட்டியவர் ரிட்டயர் ஆன பிறகும் அது இறங்கிக்கொண்டிருக்கும். சுருட்டுப் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் பார்த்து, 28 வருஷத்துக்குப் பிறகு நடப்பதைச் சொல்ல முடிகிறது. கம்ப்யூட்டரே இல்லாமல் செய்த சிமுலேஷன் இது.

புகழும் ஒரு மரணமும்

1925இல் எம்.ஐ.டி. அழைத்தது. நம்ம குரோம்பேட்டை இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். அங்கே சில ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, 1929 வாக்கில் வியன்னாவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகத் திரும்பினார். இதற்கிடையில் ரூத் டாகெட் என்ற நிலவியலாளரைச் சந்தித்து, 1930இல் மணந்துகொண்டார். உலகம் முழுக்க அணை, துறைமுகம், அஸ்திவாரம் என்று எங்கே சிக்கல் வந்தாலும் டெர்சாகிக்குத் தந்தி போனது. 1936இல் மண் இயக்கவியலுக்கான முதல் சர்வதேச மாநாடு ஹார்வர்டில் நடந்தபோது அவர்தான் தலைவர்.

அதே 1936இல், அதே வியன்னா பல்கலைக்கழகத்தில், இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பொதுவாகப் பாடப் புத்தகத்தில் சொல்வதில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பால் ஃபிலுங்கர் அங்கே மெக்கானிக்ஸ் பேராசிரியர். கணிதத்தில் கறாரானவர். அணைக்குள் தண்ணீர் எப்படி மேல்நோக்கித் தள்ளுகிறது என்பதை 1913 முதலே ஆராய்ந்தவர். டெர்சாகியின் சமன்பாடு அவருக்கு அரைகுறையாகத் தெரிந்தது. ஒரு திசையில் மட்டும் நீரோட்டம், மாறாத பண்புகள், சௌகரியத்துக்காக விட்ட இடங்கள். இதை விமர்சித்தால் போதாதா? அவர் அதோடு நிற்கவில்லை. ஒரு சிறு நூல் அச்சடித்து, டெர்சாகியையும் அவருடைய துறையையுமே கடுமையாகத் தாக்கினார். கணக்கைப் பற்றிய வாக்குவாதம் மனிதனைப் பற்றிய குற்றச்சாட்டாக மாறிவிட்டது. டெர்சாகியும் சும்மா விடுகிற ஆள் இல்லை, கோபக்காரர். விவகாரம் பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்குப் போனது. குழு டெர்சாகி பக்கமே நின்றது. 1937 மார்ச்சில் ஃபிலுங்கரும் அவருடைய மனைவியும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

வருத்தமான விஷயம் இதோடு முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தச் சிறு நூலை மறுபடி படித்த ஆய்வாளர்கள், வசவுகளுக்கு நடுவே ஒரு நல்ல விதை இருந்ததைக் கண்டார்கள். தண்ணீரையும் மண் கூட்டையும் இரண்டு தனி உடல்களாக எடுத்து, ஒன்றின் மேல் மற்றொன்று செலுத்தும் விசையோடு சேர்த்துச் சமன்பாடு எழுதும் முறை அதில் இருந்தது. நுண்துளைப் பொருள்களைப் பற்றிய இன்றைய கோட்பாடு நடக்கும் பாதை அது. டெர்சாகியின் எளிய சமன்பாடு சைட்டில் வேலை செய்தது. ஃபிலுங்கரின் கறார்ச் சமன்பாடு இன்னும் ஆழமாகப் போனது. ரெண்டு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. டீம் ப்ராஜெக்டில் சண்டை போடும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். மாடலில் தப்பு இருக்கிறது என்று சொல்வது வேறு, மாடல் போட்டவனே தப்பு என்று சொல்வது வேறு.

டெர்சாகி ஒரு திசைக்கு மட்டும் எழுதியதை முப்பரிமாணத்துக்கு விரித்தவர் மாரிஸ் பியோ, பெல்ஜியத்தில் பிறந்தவர். 1941இல் அவருடைய கட்டுரை வந்தது. மண் அமுங்கினால் தண்ணீர் நகரும், தண்ணீர் நகர்ந்தால் மண் அமுங்கும், ரெண்டையும் ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும். இன்றைக்கு நாம் கப்பிள்டு என்று சொல்கிறோமே, அது இதுதான். கையால் தீர்க்க முடிகிற வடிவங்கள் கொஞ்சம்தான். மிச்சத்துக்கு ஃபைனைட் எலிமென்ட் முறையும் கம்ப்யூட்டரும் வர வேண்டியிருந்தது. இப்போது காம்சால் சாஃப்ட்வேரின் உதாரண மாடல்களைத் திறந்து பாருங்கள். டெர்சாகி பெயரில் ஒன்று, பியோ பெயரில் ஒன்று இருக்கும். நிலத்தடி நீரை இறைத்தால் தரை எவ்வளவு அமுங்கும் என்பதுதான் அதன் கேள்வி. நெய்வேலிக்காகவே வைத்த மாதிரி இருக்கும்.

கணக்கை நம்பாத கணக்காளர்

1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த ஆண்டு, டெர்சாகி அமெரிக்காவில் குடியேறி ஹார்வர்டில் சேர்ந்தார். சிகாகோ நகரத்தில் மென்மையான களிமண்ணுக்குள் சுரங்க ரயில் பாதை தோண்டும் வேலைக்கு ஆலோசகரானார். அங்கே லேபைப் பார்த்துக்கொண்ட இளைஞர் ரால்ஃப் பெக். பின்னாளில் 1948இல் இருவரும் சேர்ந்து எழுதிய மண் இயக்கவியல் நூல் இன்றும் உங்கள் லைப்ரரி அலமாரியில் இருக்கும், போய்ப் பாருங்கள்.

இங்கே ஒரு ஆச்சரியம். வயது ஏற ஏற, சமன்பாட்டைக் கண்டுபிடித்தவரே சமன்பாட்டின் மேல் சந்தேகம் கூடியவராக மாறினார். கணக்கு தப்பு என்பதல்ல. உள்ளே போடுகிற எண்கள் மேல்தான் சந்தேகம். 10 மீட்டர் களிமண் என்று போர் ஹோல் ரிப்போர்ட் சொல்லும். அதன் நடுவே விரல் தடிமனில் ஒரு மணல் அடுக்கு ஓடியிருந்தால்? தண்ணீருக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடும். 28 வருஷம் 7 வருஷமாகிவிடும். அந்த மணல் அடுக்கு போர் ஹோலில் தப்பிவிட்டால் எந்தக் கணக்கும் அதைக் காட்டாது.

அதனால் அவர் வேலை செய்த முறை இப்படி. முதலில் கிடைத்த தகவலை வைத்துக் கணக்குப் போடுவார். பிறகு எங்கெல்லாம் நினைத்தது தப்பாகலாம் என்று பட்டியல் போடுவார். ஒவ்வொரு தப்புக்கும், நடந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்வார். கட்டும்போதே கருவி வைத்து அளப்பார். அளவு கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் டிசைனை மாற்றுவார். கௌரவம் பார்க்க மாட்டார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பிரிட்ஜ் ஆற்றின் குறுக்கே, தண்ணீர் கசியும் சரளை மணலும் அமுங்கும் களிமண்ணும் கலந்த மோசமான தரையில் மிஷன் அணையை இப்படித்தான் கட்ட வைத்தார். 1960இல் அந்த அணை முடிந்தது. அவர் 1963 அக்டோபர் 25இல் இறந்தார். 1965இல் அணைக்கு டெர்சாகி அணை என்று பெயர் மாற்றினார்கள்.

நம்ம ஊருக்குத் திரும்புவோம்

அவருடைய கடைசி வருஷங்களில்தான் இங்கே நெய்வேலி உருவாகிக்கொண்டிருந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததைக் கவனித்தார். 1956இல் நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்கு நடுவில் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இன்றும் ஓடுகின்றன. அந்தத் தண்ணீர் அனல்மின் நிலையத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் வயலுக்கும் போகிறது. சுற்றியிருக்கும் ஊர்களில் கிணறு ஏன் கீழே போகிறது என்ற கேள்வியும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானாலும் இதே கப்பிள்டு கணக்கைத்தான் போட வேண்டும்.

தண்ணீர் மட்டுமில்லை. குவித்து வைத்த பழுப்பு நிலக்கரி காற்றோடு சேர்ந்து தானே சூடாகித் தானே எரியும். அது வெப்பம், காற்றோட்டம், ரசாயனம் மூன்றும் சேர்ந்த கணக்கு. பாய்லர் குழாயில் வெப்பமும் தகைவும் சேர்ந்த கணக்கு. சூடு பரவும் சமன்பாடும் களிமண் சமன்பாடும் அண்ணன் தம்பி என்று மேலே பார்த்தோம். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது பாதி புரிந்த மாதிரி. அதனால் டிபார்ட்மென்ட் பெயரைப் பார்த்து எதையும் ஒதுக்காதீர்கள். மெக்கானிக்கல் படித்து, நிலவியல் மொழிபெயர்த்து, சிவிலுக்கு ஒரு துறையையே கொடுத்தவர் கதையைத்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள்.

இப்போது உங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வருவோம். நாம எல்லாரும் என்ன செய்கிறோம்? சாஃப்ட்வேரைத் திறக்கிறோம், மெஷ் போடுகிறோம், ரெண்டு பிசிக்ஸை டிக் பண்ணுகிறோம், சால்வ் அழுத்துகிறோம். சிவப்பும் நீலமுமாக அழகான படம் வருகிறது. ரிப்போர்ட்டில் ஒட்டுகிறோம். வைவாவில் எக்ஸ்டெர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: இந்த ஊடுருவு திறன் எண் எங்கிருந்து வந்தது? முகம் வெளுக்கிறது. டிஃபால்ட்டில் இருந்தது சார்.

அது நடக்காமல் இருக்க, டெர்சாகி முறையில் நான்கு வேலை செய்து பாருங்கள். சால்வ் அழுத்துவதற்கு முன்னால் ஒரு தாளில் கைக்கணக்குப் போடுங்கள், 17க்கும் 70க்கும் போட்ட மாதிரி. பதில் பத்தா, நூறா, ஆயிரமா என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அடுத்து, ஏற்கெனவே கையால் தீர்வு தெரிந்த எளிய வடிவத்தை அதே சாஃப்ட்வேரில் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசை களிமண் வில்லை அதற்கு அருமையான சோதனை. மூன்றாவது, உங்களுக்கு அதிகச் சந்தேகமுள்ள எண்ணைப் பத்து மடங்கு கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். பதில் தலைகீழாக மாறினால், உங்கள் ப்ராஜெக்டின் உயிர் அந்த எண்ணில் இருக்கிறது. அதை அளக்கப் போங்கள். கடைசியாக, இந்த மாடல் தப்பாக இருந்தால் முதலில் எங்கே தெரியும் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் உங்களுக்கு மாடல் இன்னும் புரியவில்லை.

நெய்வேலிப் பக்கம் வரும்போது சுரங்கத்தையும் பெரிய மெஷினையும் பாருங்கள், போட்டோ எடுங்கள். ஆனால் அதற்குக் கீழே என்ன தள்ளிக்கொண்டிருக்கிறது என்றும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். சிமுலேஷன் என்ன சொன்னாலும், கிணற்றில் நீர்மட்டம் இன்றைக்கு எத்தனை மீட்டர் என்று ஒருவர் அளந்து நோட்டில் குறித்தாக வேண்டும். அந்த எண் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் அடியில் வேலை நடக்க வேண்டும். ராபர்ட் கல்லூரியில் சுருட்டுப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து டெர்சாகி செய்ததும் அதே வேலைதான்.